மனநிலை வேலைத்திறனை எப்படி மாற்றுகிறது, அதை எப்படி அளப்பது: முழுமையான வழிகாட்டி

"மனசு சரியில்லை, அதனால் வேலை ஓடவில்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இதை அளந்து பார்க்கிறவர்களுக்குத் தலைவலியாக இருப்பது நேர் எதிரான விஷயம்: மனசு சரியில்லாதபோதும் வேலை பல நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். களைத்துப்போனவர் இன்னும் கொஞ்சம் முக்கி, மதிப்பெண்ணைக் காப்பாற்றிவிடுவார். ராபர்ட் ஹாக்கி என்ற உளவியலாளர் 1997இல் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். அழுத்தம் கூடும்போது மனிதர்கள் முக்கிய இலக்கைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, அதற்கான செலவை வேறு இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்: ஓரத்து வேலைகள் விடுபடும், சரிபார்க்காமல் குறுக்குவழியில் போவார்கள், உடம்பு இறுகும், வேலை முடிந்த பிறகு அடித்துப்போட்ட மாதிரி கிடப்பார்கள். வேலையின் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவுமே தெரியாது.

அதனால் மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்: ஆள் என்ன சொல்கிறார், என்ன செய்கிறார், உடம்பு என்ன காட்டுகிறது. மூன்றும் ஒன்றையே சொன்னால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால்தான் உண்மையில் ஏதாவது தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். உங்களையே அளந்து பார்க்க நினைத்தாலும் சரி, ஒரு சிறு குழுவை அளக்க நினைத்தாலும் சரி, கீழே உள்ள வரிசையில் போகலாம்.

படி 1: எந்த நிலையை அளக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மனநிலை" என்று பொதுவாக அளக்க முடியாது. தூக்கக் கலக்கம், வேலைச்சுமை, பதற்றம், சலிப்பு எல்லாம் வேலையைக் கெடுக்கும்தான், ஆனால் ஒவ்வொன்றும் கெடுக்கும் விதம் வேறு, அதைப் பிடிக்கும் கருவியும் வேறு.

தூக்கக் கலக்கம் ஆளை ஒரே சீராக மெதுவாக்குவதில்லை. பெரும்பாலும் சரியாகவே செய்துகொண்டிருப்பார், திடீரென்று ஒரு நொடி ஆளே இல்லாத மாதிரி போய்விடும், மறுபடி வந்துவிடுவார். அந்த விட்டுப்போகும் கணங்கள்தான் ஆபத்து. 1997இல் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் ஒரு சோதனையை வைத்து ஒப்பிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன் இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் திறனுக்கு இணையாக இருந்தது, 24 மணி நேரத்தில் அது சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமமாக இறங்கியது. காலையில் 6 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது இரவு 11 மணி, அவ்வளவுதான்.

வேலைச்சுமை வேறு மாதிரி. ஒரு எல்லை வரை எதுவும் தெரியாது, எல்லை தாண்டியதும் சடாரென்று உடையும். உடைவதற்கு முன்பே கவனம் குறுக ஆரம்பித்துவிடும். 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் நடந்தது இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம். தரையிறங்கும் சக்கரத்துக்கான விளக்கு ஒன்று எரியவில்லை, விமானி அறையில் இருந்த எல்லோரும் அந்தச் சின்ன விளக்கில் மூழ்கிவிட்டார்கள், தானியங்கி உயரக் கட்டுப்பாடு விடுபட்டு விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மியாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை.

பதற்றம் நினைவின் வேலை மேசையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. "தப்பாகிவிடுமோ" என்ற ஓட்டம் உள்ளே ஓடும்போது மனக்கணக்கு போன்ற வேலைகளுக்கு இடம் குறைகிறது. நன்றாகப் பழகிப்போன உடல் வேலைகளில் கதை மாறும். அங்கே பதற்றம் வந்தால், தானாக நடந்துகொண்டிருந்த அசைவை ஒவ்வொரு கட்டமாகக் கவனிக்க ஆரம்பிக்கிறோம், அந்தக் கவனிப்பே அசைவைக் கெடுக்கிறது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் வேலையை வைத்து சியன் பெய்லாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது.

சலிப்பைப் பலர் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் இலக்குகளைத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வியில் இருந்து நார்மன் மேக்வொர்த் ஒரு சோதனையை உருவாக்கினார், முடிவுகள் 1948இல் வந்தன. ஒரு வெற்றுக் கடிகாரம், ஒரு முள், நொடிக்கு ஒரு தாவல், எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல். அந்த இரட்டைத் தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகச் சரிந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலை என்ற நினைப்பு அத்தோடு போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மன அழுத்தம் பற்றிய பயிற்சி வகுப்பு எதிலும் கவிழ்த்துப்போட்ட ப வடிவத்தில் ஒரு வளைகோட்டைக் காட்டி, "மிதமான அழுத்தம் நல்லது, இது விதி" என்பார்கள். அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் யெர்க்ஸ், டாட்சன் ஆய்வு 1908இல் சுண்டெலிகளை வைத்து நடந்தது, மின்னதிர்ச்சி கொடுத்து வெளிச்சமான பெட்டியையும் இருட்டான பெட்டியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். கடினமான பிரித்தறிதலில் மிதமான அதிர்ச்சி நன்றாக வேலை செய்தது, சுலபமானதில் அதிர்ச்சி கூடக் கூட வேகமாகக் கற்றன. வேலையின் கடினத்தைப் பொறுத்து எல்லாம் மாறும் என்பதுதான் அதன் சாரம், வகுப்பில் விட்டுவிடுவதும் அதைத்தான். அலுவலகத்தில் எவ்வளவு நெருக்கடி கொடுக்கலாம் என்பதற்கு அந்த வளைகோட்டைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

படி 2: வேலையையும் அதன் மதிப்பெண்ணையும் தேர்ந்தெடுங்கள்

வேகத்தை மட்டும் எடுக்காதீர்கள், பிழையை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாகப் பதியுங்கள். பதற்றத்தில் இருப்பவர் வேகம் கூட்டிப் பிழையும் கூட்டுவார், களைத்தவர் பிழை வராமல் இருக்க வேகத்தைக் குறைப்பார். ஒன்றை மட்டும் பார்த்தால் முதலாமவர் முன்னேறிவிட்ட மாதிரித் தெரியும்.

நேரத்தை அளக்கும்போது சராசரியை நம்பி உட்கார வேண்டாம். நூறு பதில்களில் நாலு பதில் மிக மெதுவாக வந்தாலே சராசரி இழுபடும், அது எதனால் என்று தெரியாது. இடைநிலையை, அதாவது பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எடுங்கள், தனியாக மிக மெதுவான பத்து சதவீதப் பதில்களையும் பாருங்கள். தூக்கக் கலக்கம் முதலில் எட்டிப்பார்ப்பது இந்த வாலில்தான். பிழைகளிலும் இரண்டு வகை உண்டு: இருந்ததைத் தவறவிடுவது ஒன்று, இல்லாததை இருப்பதாகச் சொல்வது இன்னொன்று. ஒருவர் தவறவிடுவது குறைந்து பொய் அறிவிப்பு கூடினால் அவர் கண் கூர்மையாகவில்லை, எதற்கெடுத்தாலும் "ஆம்" சொல்லத் தொடங்கிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

முக்கிய வேலையில் மதிப்பெண் குறையாமலேயே இருந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். உதாரணமாக, இடையிடையே ஒலி வரும்போது ஒரு பொத்தானை அழுத்துவது. மனசில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்தச் சின்ன வேலையின் சரிவு காட்டும். ஆனால் அதுவே ஒரு சுமை என்பதால், உயிருக்கு ஆபத்து உள்ள உண்மையான வேலையில் இதைச் செய்து பார்க்கக் கூடாது, பயிற்சிக் களத்தில் மட்டும்.

படி 3: ஆளிடம் கேளுங்கள், ஆனால் உடனே கேளுங்கள்

கேட்பதுதான் மலிவான கருவி, பல நேரங்களில் நல்ல கருவியும்கூட. தூக்கக் கலக்கத்துக்கு கரோலின்ஸ்கா அளவுகோல் இருக்கிறது. 1 என்றால் முழு விழிப்பு, 9 என்றால் தூக்கத்தோடு மல்லுக்கட்டும் நிலை, ஒரே ஒரு எண் சொன்னால் போதும்.

வேலைச்சுமைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லேண்டும் 1988இல் வெளியிட்ட நாசா டிஎல்எக்ஸ் என்ற கேள்வித்தாள். விமானிகளுக்காகப் பிறந்தது, இப்போது மருத்துவமனை முதல் மென்பொருள் வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆறு கேள்விகள்: மனதுக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு வேலை, நேர நெருக்கடி எவ்வளவு, எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள், எவ்வளவு முயற்சி போட்டீர்கள், எவ்வளவு எரிச்சல் வந்தது. மூல வடிவத்தில் இந்த ஆறையும் இரண்டிரண்டாக 15 ஜோடிகளாக ஒப்பிட்டு எடை கொடுக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு ஆறின் சராசரியை மட்டும் எடுக்கிறார்கள், உங்கள் தேவைக்கும் அது போதும். ஆனால் சராசரியோடு நிற்காமல் ஆறையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் "முயற்சி" ஏறி "எவ்வளவு நன்றாகச் செய்தேன்" அப்படியே நிற்பதுதான் ஹாக்கி சொன்ன அந்த மறைந்த செலவு. இன்னொரு சிக்கல்: நன்றாகச் செய்தீர்களா என்ற கேள்வியின் அளவுகோல் "மிக நன்று" என்பதில் தொடங்கி "தோல்வி" என்பதை நோக்கிப் போகும். மற்ற ஐந்தும் குறைவில் இருந்து அதிகத்துக்குப் போவதால் ஆட்கள் பழக்கதோஷத்தில் இதைத் தலைகீழாகக் குறித்துவிடுவார்கள். முன்கூட்டியே வாயால் சொல்லி வையுங்கள்.

வேலை முடிந்த கையோடு கேளுங்கள். மாலையில் கேட்டால் வேலையைப் பற்றி அல்ல, வேலையின் முடிவைப் பற்றித்தான் பதில் வரும். கவனம் அலைவதைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவிலேயே கேட்க வேண்டும். 2010இல் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் கைபேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் "இப்போது செய்வதை விட்டு வேறு எதையாவது நினைக்கிறீர்களா" என்று கேட்டார்கள். சுமார் 47 சதவீத முறை, செய்துகொண்டிருந்த வேலையை விட்டு மனசு வேறெங்கோ இருந்தது.

சரி, கேட்டால் போதுமே, மற்றது எதற்கு? இதற்குப் பதில் 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. 14 நாள் ஒரு குழுவுக்கு இரவுக்கு 4 மணி நேரத் தூக்கம், இன்னொன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 8. நாளுக்கு நாள் 4 மணி, 6 மணிக் குழுக்களின் கவனம் சரிந்துகொண்டே போய், ஒன்றிரண்டு இரவு அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு வந்தது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது" என்ற கேள்விக்கான பதில் முதல் சில நாள் ஏறிவிட்டு அதன்பின் கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த நிலை அவர்களுக்குப் பழகிவிட்டது. நாள்பட்ட தூக்கக் குறைவில் ஆளின் வாய்ச்சொல் சாட்சியாக நிற்காது.

படி 4: எதிர்வினைச் சோதனை

வாய்ச்சொல் கைவிடும் இடத்தில் உதவுவது 1985இல் டேவிட் டிங்கெஸும் ஜான் பவலும் முன்வைத்த விழிப்புச் சோதனை, சுருக்கமாக பிவிடி. பார்த்தால் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் அழுத்த வேண்டும், அடுத்தது 2 முதல் 10 நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், இப்படி 10 நிமிடம். 500 மில்லி நொடிக்கு மேல் ஆன பதில்களை "விட்டுப்போனவை" என்று எண்ணுவார்கள். எதுவும் வராமலே அழுத்திவிடுவதையும் குறித்துக்கொள்ளுங்கள், களைப்பில் அதுவும் கூடும்.

இது பிரபலமானதற்குக் காரணம் இதில் பயிற்சி செய்து தேற முடியாது என்பதுதான். வண்ணப் பெயர்களை வேறு வண்ணத்தில் எழுதிக் காட்டும் 1935ஆம் ஆண்டு ஸ்ட்ரூப் சோதனை, வரிசையில் இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததை நினைவில் வைக்கும் சோதனை எல்லாம் செய்யச் செய்யக் கை வந்துவிடும், அப்புறம் உங்கள் மனநிலை தேறியதா, பழக்கத்தால் மதிப்பெண் ஏறியதா என்று பிரிக்கவே முடியாது. 10 நிமிடம் அதிகமாகத் தோன்றினால் 3 நிமிட வடிவமும் உண்டு, அதில் இடைவெளிகளும் எல்லைக்கோடும் வேறு, எனவே இரண்டின் எண்களைக் கலக்காதீர்கள். கருவியையும் மாற்றாதீர்கள். தொடுதிரைக்கு என்று ஒரு தாமதம் இருக்கிறது, அது கைபேசிக்குக் கைபேசி வேறுபடும், இன்று கைபேசியில் 310, நேற்று கணினியில் 270 என்றால் அதில் தகவல் எதுவும் இல்லை.

படி 5: உடம்பின் அளவுகள்

இதில்தான் எல்லோருக்கும் ஆசை, இதில்தான் அதிகம் வழுக்கி விழுவதும். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உடம்பின் பெரும்பாலான அளவுகள் உடம்பு எவ்வளவு உசுப்பப்பட்டிருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. தோலின் மின்கடத்தல் பயத்திலும் ஏறும், மகிழ்ச்சியிலும் ஏறும்.

மணிக்கட்டுக் கடிகாரம் வைத்திருப்பவர்கள் பார்ப்பது இதயத்துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு. மனச்சுமை ஏறும்போது துடிப்புகள் சீராகி இந்த மாறுபாடு பொதுவாகக் குறையும். ஆனால் மூச்சின் வேகம், உட்கார்ந்திருக்கிறீர்களா நிற்கிறீர்களா, கஃபீன், முந்தைய இரவு மது, லேசான காய்ச்சல் எல்லாமே இதை மாற்றும். பேசினாலே மூச்சு மாறி எண் மாறிவிடும். எனவே ஒரே நிலையில், அசையாமல், பேசாமல், சில நிமிடம் பதிந்த எண்ணை மட்டும் எடுங்கள். கடிகாரச் செயலி "இன்று உங்கள் மன அழுத்தம் 62" என்று காட்டும் எண்ணை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், உள்ளே என்ன கணக்கு என்று தயாரித்தவருக்குத்தான் தெரியும், ஒரு புதுப்பிப்பில் அதுவும் மாறிவிடும்.

கண்மணி ஆச்சரியமான கருவி. டேனியல் கானெமனும் ஜாக்சன் பீட்டியும் 1966இல் காட்டியது: எண்களைக் கேட்டு நினைவில் வைக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கண்மணி கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது, திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்குகிறது. சுமையை நொடிக்கு நொடி பார்ப்பது போலத்தான். ஆனால் மனச்சுமையால் வரும் விரிவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, வெளிச்சத்தால் வரும் மாற்றம் அதைப் போலப் பல மடங்கு. ஜன்னல் பக்கம் மேகம் விலகினாலே உங்கள் அளவு போயிற்று. ஓட்டுநர் கண்காணிப்பில் பயன்படுவது இமைகள்: ஒரு நிமிடத்தில் எத்தனை பங்கு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கிறது என்பதை கேமரா கணக்கிடும். தூக்கக் கலக்கத்துக்கு இது நல்ல அளவு.

மூளை மின்னலைகளை மனிதரிடம் முதலில் பதிந்தவர் ஹான்ஸ் பெர்கர், 1924இல், வெளியிட்டது 1929இல். நினைவுக்குச் சுமை ஏறும்போது நெற்றிப் பக்கத்தில் தீட்டா அலைகள் (நொடிக்கு 4 முதல் 8) கூடுவதும், பின்பக்கத்தில் ஆல்ஃபா அலைகள் (8 முதல் 12) குறைவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தலைப்பட்டை வாங்கி வீட்டில் பார்ப்பதென்றால், இமை கொட்டுவதும் தாடை இறுகுவதும் மூளை அலையை விடப் பெரிய சிக்னலாக வந்து விழும் என்பதை மறக்காதீர்கள். உமிழ்நீரில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை அளப்பது ஆய்வகத்துக்கானது. அழுத்தம் வந்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும், காலையில் எழுந்ததும் இயல்பாகவே ஏறியிருக்கும்.

ஒருவர் தன்னை அளந்துகொள்ள உடம்பு அளவுகளில் ஒன்று போதும். என்னைக் கேட்டால் துடிப்பு மாறுபாடு, அதுவும் காலையில் எழுந்து கழிப்பறை போய் வந்த பிறகு, ஒரே நாற்காலியில்.

படி 6: அடிப்படை அளவு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

ஒருவரின் எதிர்வினை நேரத்தை இன்னொருவரோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. வயது, கருவி, பழக்கம், உடல்வாகு எல்லாம் வேறு. உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும், அதற்கு வழக்கமான நாட்களில் ஒன்றிரண்டு வாரம் அளந்து, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் மாற்றத்துக்குக் கதை கட்டாதீர்கள்.

நேரத்தை நிலையாக வையுங்கள். உடலின் கடிகாரப்படி விடியலுக்கு முந்தைய மணிகளில் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும், மதியத்துக்குப் பின் ஒரு சிறு சரிவு உண்டு. தூங்கி எழுந்த முதல் அரை மணி நேரத்தில் சோதனை வைத்தால் மயக்கம் தெளியாததைத்தான் அளப்பீர்கள். ஒவ்வொரு பதிவோடும் தூங்கிய மணி, கஃபீன், மருந்து, எத்தனை மணிக்கு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டு சூழ்நிலைகளை ஒப்பிடுவதென்றால் எப்போதும் அமைதி முதலில், சத்தம் பிறகு என்று வைக்காமல் வரிசையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டாவதாக வந்ததன் களைப்பு சத்தத்தின் தலையில் விழும்.

படி 7: மூன்று இழைகளையும் சேர்த்துப் படியுங்கள்

ஒருவருடைய வழக்கமான இடைநிலை 270 மில்லி நொடி, விட்டுப்போனவை 10 நிமிடத்தில் ஒன்று, முயற்சி 100க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் வேலையின் பிழை எண்ணிக்கை மாறவில்லை, இடைநிலையும் 275தான், ஆனால் முயற்சி 70, காலைத் துடிப்பு மாறுபாடு வழக்கத்துக்குக் கீழே. மேலாளர் பார்வையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. உண்மையில் இவர் கைக்காசைப் போட்டு வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறார், திடீரென்று இன்னொரு வேலை வந்தால் எதுவோ விடுபடும்.

இன்னொரு வாரம்: தூக்கக் கலக்கம் 4 என்கிறார், முயற்சி 45, ஆனால் விட்டுப்போனவை ஆறு. இங்கே வாய்ச்சொல்லை ஓரமாக வைத்துவிட்டு எதிர்வினைச் சோதனையை நம்புங்கள், கடந்த பத்து நாள் தூக்கக் கணக்கைப் பாருங்கள். மூன்றாவது வகையில் ஆள் "முடியவில்லை" என்கிறார், சோதனை எண்கள் வழக்கம்போல, வேலையில் மட்டும் பிழை. இது பெரும்பாலும் களைப்பு இல்லை, அந்த வேலையின் மீதான பதற்றமோ சலிப்போ, எனவே ஓய்வு கொடுப்பதால் தீராது. துடிப்பு மட்டும் மாறி மற்ற இரண்டும் அப்படியே என்றால் முதலில் காய்ச்சல், மூச்சு, கஃபீன் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள், மனசை அப்புறம்.

வாரக்கணக்கில் எல்லாம் கீழேயே கிடந்து, தூக்கமும் பசியும் ஆர்வமும் சேர்ந்து குறைந்திருந்தால் அளப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கருவிகள் எதுவும் நோயைக் கண்டறிய உருவானவை அல்ல.

படி 8: எண்களை யார் பார்ப்பார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்

மற்றவர்களை அளப்பதென்றால் இது முதல் படியாகவே வந்திருக்க வேண்டும். களைப்பு எண் மேலாளர் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லோரும் 3 என்றே எழுதுவார்கள், உங்கள் முதல் இழை அன்றே அறுந்துவிடும். ஆளின் ஒப்புதல் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உரிமை வேண்டும், தனியாள் எண் அவரிடமே இருக்க வேண்டும், குழுவுக்குத் தொகுத்த எண் போதும்.

படி 9: ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து, திருப்பி வையுங்கள்

தூக்கத்தைக் கூட்டுவது, இடைவேளையை மாற்றுவது, அறிவிப்புகளை அணைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. ஒன்றை எடுங்கள், இரண்டு வாரம் அளந்து பாருங்கள். எண்கள் தேறினால் அங்கேயே நிற்காமல், முடிந்தால் பழைய நிலைக்கு ஒரு வாரம் திரும்பிப் போய்ப் பாருங்கள். எண்களும் பழையபடி இறங்கினால் அந்த மாற்றம்தான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். இறங்காவிட்டால் வேறு எதுவோ, ஒருவேளை அந்த மாதத்தின் வேலையே குறைவாக இருந்திருக்கலாம், அடுத்த மாற்றத்தை எடுத்து மறுபடி இரண்டு வாரம். தூக்கத்தைக் குறைத்துத் திருப்பிப் பார்க்கும் வாரத்தில் மட்டும் வாகனம் ஓட்டாதீர்கள்.